நாய்க்குப் பச்சை மாட்டெலும்பு: கடையில் கேட்பதிலிருந்து குப்பையில் போடுவது வரை

ஒரு நாள் காலையில் எங்கள் டைகருக்கு வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். குளவி கொட்டியிருக்கும் என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டோம், பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசியும் போட்டார்கள். மூன்று நாளில் வடிந்தது. அடுத்த வாரம் திரும்ப வந்தது, இந்தத் தடவை உடைந்து சீழ் ஒழுகியது. ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கண்ணைப் பார்க்கவே இல்லை. உதட்டைத் தூக்கி மேல் தாடையைப் பார்த்துவிட்டு, "என்ன எலும்பு கொடுத்தீங்க?" என்றுதான் கேட்டார்.

மேல் தாடையில் இருக்கும் பெரிய கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம் ஒரு சில்லாகப் பெயர்ந்திருந்தது. உள்ளே நரம்பு வெளியே தெரிய, வேரில் சீழ் பிடித்து, அது கண்ணுக்குக் கீழே வந்து வீங்கியிருக்கிறது. மயக்க ஊசி, எக்ஸ்ரே, பல் பிடுங்கியது, மருந்து எல்லாம் சேர்ந்து 780 ரிங்கிட். காரணம், பசாரில் நான் ஆசையாகப் பொறுக்கி வாங்கி வந்த ஏழு ரிங்கிட் தொடை எலும்பு.

நான் இருப்பது மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டம். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீட்டுக்கு ஒரு நாயாவது இருக்கும், பாதி அந்தக் காலத்து லயத்து நாய்களின் வம்சம். அக்கம்பக்கத்தில் புதிதாக நாய் வளர்க்கும் பிள்ளைகள் "எலும்பு கொடுக்கலாமா அண்ணே, எந்த எலும்பு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறைய கால்நடை மருத்துவர்கள் எலும்பே வேண்டாம் என்பார்கள். என் டாக்டரும் அப்படித்தான் ஆரம்பித்தார். பிறகு, "கொடுத்தே தீருவேன் என்றால் இப்படிக் கொடுங்கள்" என்று சிலவற்றைச் சொன்னார். அதோடு நான் பட்டுத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது. பல் சுத்தம் மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் எலும்பை விட்டுவிட்டு நாய்களுக்கான பற்பசையும் ஒரு பிரஷும் வாங்குங்கள். நாம் துலக்கும் பேஸ்ட் ஆகாது. சிலவற்றில் சைலிட்டால் இருக்கும், அது நாய்க்கு விஷம்.

1. முதலில் நாயைப் பாருங்கள், எலும்பு அப்புறம்

உதட்டைத் தூக்கிப் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பல், குட்டிக்கு 28 பால்பல். ஆறேழு மாதத்துக்குள் பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைத்து முடியும். அதற்கு முன்னால் கெட்டியான எலும்பு எதுவும் கொடுக்காதீர்கள். வயதான நாய், ஏற்கெனவே பல் உடைந்த நாய், ஈறு வீங்கிய நாய் எதற்கும் வேண்டாம்.

கணையத்தில் ஒருமுறை கோளாறு வந்த நாய்க்கு நல்லி எலும்பு கூடவே கூடாது. மஜ்ஜை முழுக்கக் கொழுப்பு. மினியேச்சர் ஷ்னௌசர் மாதிரி சில இனங்களுக்கு இந்தக் கோளாறு சுலபமாக வரும். எடை கூடிப்போன நாய்களுக்கும் அப்படித்தான்.

அடுத்தது குணம். உங்கள் நாய் மெல்லுகிற ரகமா, விழுங்குகிற ரகமா? பிஸ்கட்டை நீட்டினால் கடிக்கிற சத்தம் கேட்கிறதா, இல்லை நேராகத் தொண்டைக்குள் போகிறதா என்று கவனியுங்கள். விழுங்குகிற நாய்க்கு எலும்பு என் கணக்கில் ஆகாது. தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமும் நாய்க்கும் அப்படியே. அதற்கு முதலில் "விடு" என்றால் விடப் பழக்க வேண்டும். கோழி ஈரல் துண்டை நீட்டி வாயில் இருக்கும் பொம்மையை வாங்கிப் பழக்குங்கள். ஈரலுக்குப் பொம்மையைக் கொடுக்காத நாய் எலும்பைக் கொடுக்கவே கொடுக்காது.

வீட்டில் சின்னப் பிள்ளை தவழ்கிறதா? யாராவது கீமோதெரபி மாதிரி சிகிச்சையில் இருக்கிறார்களா? அப்படியானால் பச்சை எலும்பை வீட்டுக்குள் கொண்டுவரவே யோசியுங்கள். பச்சை இறைச்சியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் அதே வாயால் அது பிள்ளையின் முகத்தை நக்கும்.

2. எந்த எலும்பு, எது வேண்டாம்

இங்கேதான் நான் ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாட்டின் உடல் எடையைத் தாங்கி நிற்பது கால் எலும்பு. அதனால் அந்த எலும்புக் குழாயின் நடுப்பகுதி கல் மாதிரி கெட்டி. பார்க்க வழவழவென்று, உள்ளே மஜ்ஜையோடு, "நாய்க்கென்றே செய்தது" போல இருக்கும். பல்லை உடைப்பதும் அதுதான். மெல்லும்போது நாய் முன்பல்லால் மெல்லாது. எலும்பை வாய் ஓரத்துக்குத் தள்ளி, அந்தப் பெரிய கடைவாய்ப் பல்லால் கத்தரி மாதிரி அழுத்தும். எலும்பு விட்டுக்கொடுக்காவிட்டால் பல் விட்டுக்கொடுக்கும்.

டாக்டர் சொல்லிக்கொடுத்த சோதனை சுலபமானது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது பதிந்தால் சரி. துளிகூடப் பதியாவிட்டால் அது பல்லுக்கு ஆகாது. அதையே வேறு மாதிரியும் சொன்னார்: அதை எடுத்து உங்கள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னால் பயமாக இருக்குமா? பயமாக இருந்தால் நாய்க்கும் வேண்டாம்.

அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது:

மூட்டெலும்பு. காலின் முனையில் உருண்டையாக, வெள்ளைக் குருத்தெலும்பு மூடியிருக்கும் பகுதி. குருத்தில் நகம் பதியும், நாய் அதைச் சுரண்டிச் சுரண்டித் தின்னும். நான் இப்போது வாங்குவது பெரும்பாலும் இதுதான். குருத்தும் நாரும் தீர்ந்து உள்ளே இருக்கும் கெட்டி எலும்பு தெரிய ஆரம்பித்ததும் பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அதுவும் தொடை எலும்புதான்.

நெஞ்செலும்பு. பாதி குருத்து, பாதி எலும்பு. மாட்டு எலும்பிலேயே மென்மையானது என்று சொல்லலாம். டைகருக்குப் பல் போன பிறகு முதல் ஆறு மாதம் இது மட்டும்தான் கொடுத்தேன். நாய் கடித்துத் தின்றுவிடும் என்பதால் அளவைக் கவனிக்க வேண்டும். அதிகமானால் மறுநாள் சாணி சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக, வறண்டு வரும். நாய் முக்கிக்கொண்டே நிற்கும்.

கழுத்தெலும்பு பெரிய நாய்க்குப் பரவாயில்லை. விலா எலும்பு எனக்குப் பிடிக்காது. நீளமாக இருக்கும், நுனி உடைந்தால் ஈட்டி மாதிரி ஆகிவிடும்.

அளவு: நாயின் வாய், மூக்கு நுனியிலிருந்து கண் வரைக்கும் எவ்வளவு நீளமோ, அதைவிட எலும்பு பெரியதாக இருக்க வேண்டும். முழுசாக வாய்க்குள் போகக்கூடாது. சின்ன நாய் என்றால் சின்ன எலும்பு என்று நினைக்காதீர்கள், சின்ன நாய்க்கும் பெரிய மூட்டுதான்.

வேண்டாதவை என்று ஒரு பட்டியல் என் மனசில் எப்போதும் உண்டு. வளையல் மாதிரி வட்டமாக வெட்டிய நல்லி எலும்பு அதில் முதல். நாய் நாக்கை விட்டு மஜ்ஜையை எடுக்கப் போய், அந்த வளையம் கீழ்த் தாடையில் நழுவிக் கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். அப்புறம் மயக்க ஊசி போட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நீளவாக்கில் பிளந்த எலும்பும் வேண்டாம், விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும்.

வேகவைத்த எலும்பு எதுவுமே வேண்டாம். இதை எங்கள் அத்தைக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. "பச்சையாவா குடுக்குற? ஒரு கொதி விட்டுக் குடுடா, கிருமி செத்துப் போகும்" என்பார். கிருமி சாகும், உண்மைதான். ஆனால் வெந்த எலும்பு நொறுங்கி ஊசி ஊசியாகப் பிளக்கும், தொண்டையையோ குடலையோ குத்தும். சூப் கடையில் மிஞ்சும் 'கியர்பாக்ஸ்' என்கிற மாட்டு மூட்டெலும்பு, வாழை இலைச் சாப்பாட்டில் ஒதுக்கிய ஆட்டெலும்பு, கோழிக்கால் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். போதாததற்கு அதில் வெங்காயமும் உப்பும் ஊறியிருக்கும். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

கடையில் பாக்கெட்டில் தொங்கும் புகை போட்ட எலும்பும் காய்ந்த எலும்புதான். 2010 முதல் 2017 வரை இப்படிப் பதப்படுத்திய எலும்புத் தீனிகள் பற்றி ஏறத்தாழ 68 புகார்கள் வந்ததாகவும், அதில் 15 நாய்கள் செத்ததாகவும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. "பாக்கெட்டில் இருக்கே, சுத்தமா இருக்குமே" என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்புறம் நம் ஊருக்கென்றே ஒன்று: தோட்டத்தில் கிடக்கும் எலும்பு. செம்பனைக் காட்டில் எலிக்கு விஷம் வைக்கிறார்கள். வாய்க்காலில் எது கிடந்து, எதைத் தின்று, எப்படிச் செத்தது என்று யாருக்குத் தெரியும்? தோட்டத்தில் நோயில் விழுந்த மாட்டின் எலும்பை "சும்மா எடுத்துக்கோ" என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

3. பசாரில் எப்படிக் கேட்பது

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் மூட்டெலும்பு கிடைக்காது, சூப் கடைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகச் சீக்கிரம் கடை கட்டுவார்கள். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முந்தைய வாரம் போகவே போகாதீர்கள். கூட்டம், விலை, கடைக்காரருக்கு நம்மோடு பேச நேரமும் இருக்காது. குர்பானி கொடுக்கும் இடத்தில் எலும்பு குவிந்து கிடக்கும்தான். அது தானமாகப் பங்கு வைக்கும் இறைச்சி, அங்கே போய் நாய்க்கு எலும்பு கேட்பது மரியாதை இல்லை.

மலாயில் கேட்க வேண்டியது சுலபம். "பாங் (அண்ணே), துலாங் லுத்துட் அடா?" என்றால் மூட்டெலும்பு. நெஞ்செலும்புக்கு "துலாங் டாடா". அடுத்து மறக்காமல் சொல்ல வேண்டியது, "ஜாங்ஙான் போத்தோங்", வெட்டாதீர்கள் என்று. இதைச் சொல்லாவிட்டால் பழக்கத்தில் சூப்புக்கு வெட்டுவதுபோல ரம்பத்தில் வைத்து நாலாக அறுத்துப் பையில் போட்டுவிடுவார். நான் இரண்டு தடவை அப்படி வாங்கி வந்து முழிச்சிருக்கிறேன்.

நாய்க்கு என்று சொல்லலாமா? எல்லாரும் தயங்கும் இடம் இது. மாட்டிறைச்சி விற்பவர் பெரும்பாலும் முஸ்லிம். அவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். என் பழக்கம் இது: நானாகக் கத்திச் சொல்வதில்லை, அவர் கேட்டால் மறைப்பதும் இல்லை. நான் வாங்கும் கடையின் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருநாள் கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு, "விற்கிறது என் வேலை, வாங்கினப்புறம் உன் பாடு. பையையும் டப்பாவையும் மட்டும் திரும்பக் கொண்டு வராதே" என்றார். அதிலிருந்து நான் வீட்டு டப்பா எடுத்துப் போவதே இல்லை, அவர் கொடுக்கும் பையோடு சரி. நாயை வண்டியில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்காதீர்கள். நாயைத் தடவிவிட்டு வந்த கையால் அவர் மேசையில் இருக்கும் எலும்பைப் புரட்டிப் பார்க்காதீர்கள். விரலால் காட்டினால் போதும், அவரே எடுத்துத் தருவார். நகச் சோதனையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எது புதிது என்று எப்படித் தெரியும்? ஒட்டியிருக்கும் சதை சிவப்பாக, கொழுப்பு வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். பச்சை நிறம், பிசுபிசுப்பு, புளித்த வாடை இருந்தால் வேண்டாம். அரசாங்க அறுப்புக்கூடத்தில் பரிசோதித்த மாட்டின் உடலில் கால்நடைத் துறையின் முத்திரை குத்தியிருக்கும். கொக்கியில் தொங்குவதில் அது இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். எலும்பில் முத்திரை தெரியாது, ஆனால் முத்திரை உள்ள மாட்டை விற்கும் கடையா என்று தெரிந்துவிடும்.

பெரிய சந்தைகளில் உறைந்த எலும்பு பாக்கெட்டில் கிடைக்கும். அதில் எந்த நாட்டிலிருந்து வந்தது, பாக் செய்த நாள், கெடு நாள் மூன்றையும் பாருங்கள். ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நம் ஊரில் 'டாகிங் கோத்தாக்' என்று விற்கும் இந்திய எருமை இறைச்சி எலும்பில்லாமல்தான் வரும். எலும்போடு ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதிப்பதில்லை. ஆக யாராவது "இது இந்தியா எலும்பு, அதான் மலிவு" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். பாக்கெட்டுக்குள் பனிக்கட்டி படலம் படலமாக இருந்தால் ஒருமுறை உருகித் திரும்ப உறைந்தது, அதையும் விடுங்கள்.

விலை நான் கடைசியாகக் கொடுத்தது: மூட்டெலும்பு கிலோ 12 ரிங்கிட், நெஞ்செலும்பு 16. சதை அதிகம் ஒட்டியிருந்தால் கூடும். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

4. மாட்டிறைச்சி நுழையாத வீட்டில் இதை எங்கே வைப்பது

நம்மில் பாதிப்பேர் வீட்டுப் பிரச்சினை இது. என் அம்மா சாமி அறைக்கு விளக்கு வைக்கும் வீட்டில், அதே ஐஸ்பெட்டியில் மாட்டெலும்பு என்றால் நடக்குமா? முதல் தடவை நாலு பையில் சுற்றி, ஆட்டெலும்பு என்று பொய் சொல்லி வைத்தேன். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாட்டோடு பேச்சும் கிடைத்தது. பொய் சொல்லி வைக்காதீர்கள்.

நான் செய்தது: ஒரு பழைய சின்ன ஐஸ்பெட்டி 150 ரிங்கிட்டுக்கு வாங்கிப் பின்பக்கக் கொட்டகையில் வைத்தேன். எலும்பு, அதற்கென்று ஒரு கத்தி, ஒரு தட்டு எல்லாம் அங்கேயே. வீட்டுக்குள் எதுவும் வராது. அம்மாவும் சமாதானம். பக்கத்து வீட்டுச் சீன அண்ணியிடம் கொடுத்து வைக்கலாம் என்று முதலில் யோசித்தேன். அவரும் குவான் இன் அம்மனை வணங்குகிறவர், மாடு தொடமாட்டார். கேட்காமல் போயிருந்தால் அசிங்கமாகியிருக்கும்.

"மாடே வேண்டாம், பன்றி எலும்பு வாங்கிக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். பச்சையாக என்றால் வேண்டாம். பச்சைப் பன்றி இறைச்சியிலிருந்து ஆஜெஸ்கி என்றொரு நோய் நாய்க்கு வரலாம். வந்தால் நாய் பிழைக்காது. ஆட்டெலும்பு சின்னது, நடுத்தர நாய்க்கே முழுங்கும் அளவு. மாட்டெலும்பு வீட்டுக்கு ஒத்துவராது என்றால் கெட்டி ரப்பர் பொம்மை வாங்கி உள்ளே சோறும் மீனும் அடைத்து உறைய வைத்துக் கொடுங்கள். நாய்க்கு அது போதும், குறை ஒன்றும் இல்லை.

வாங்கிய அன்றே, ஒரு தடவைக்கு ஒன்று என்று தனித்தனிப் பையில் போட்டு, தேதி எழுதி உறைய வையுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: உறைய வைத்தால் சால்மோனெல்லா போன்ற கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். உருக வைப்பது கீழ்த் தட்டில், ராத்திரி முழுக்க. மேசை மேல் வைத்து உருக்காதீர்கள்.

மாடும் வளர்த்து நாயும் வளர்க்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பச்சை மாட்டிறைச்சி தின்ற நாயின் சாணி வழியாக நியோஸ்போரா என்ற நுண்ணுயிர் பரவும். அது புல்லில் கலந்து மாட்டின் வயிற்றுக்குப் போனால் சினை கலையும். நாயின் சாணியை மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள். சதை ஒட்டாத எலும்பாகப் பார்த்து, உறைய வைத்த பிறகே கொடுங்கள்.

5. எந்த நாளில், எந்த நேரத்தில்

சனிக்கிழமை ராத்திரி கொடுக்காதீர்கள். நான் கற்றுக்கொண்டதிலேயே உருப்படியான பாடம் இதுதான். எலும்பால் வரும் கோளாறு உடனே தெரியாது. அடுத்த நாள், அதற்கடுத்த நாள்தான் வாந்தி, மலச்சிக்கல் எல்லாம் வரும். சனி ராத்திரி கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூடிய கிளினிக் வாசலில் நிற்பீர்கள். தீபாவளி, சீனப் பெருநாள் முந்தைய நாளும் அப்படியே. நான் கொடுப்பது செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன்.

சாப்பாடு போட்ட பிறகு கொடுங்கள். பசியில் இருக்கும் நாய் மெல்லாது, விழுங்கும். வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். பச்சை இறைச்சி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 டிகிரிக்கு மேல் சூடானால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊரில் மத்தியானம் 32 டிகிரி சாதாரணம். வாரத்துக்கு ஒரு எலும்பு போதும்.

முதல் தடவை என்றால் மஜ்ஜையைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அன்று ராத்திரி வயிற்றுப்போக்கைக் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

6. கொடுத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்

சிமெண்டுத் தரை அல்லது ஒரு பழைய பாய். மண்ணில் போட்டால் புதைத்துவிட்டு நாலு நாள் கழித்துத் தோண்டி எடுக்கும், அதற்குள் அது எலும்பாக இருக்காது. இரண்டு நாய் இருந்தால் தனித்தனியாகக் கட்டுங்கள், நடுவில் கதவு இருந்தால் இன்னும் நல்லது. கூடப்பிறந்த நாய்கள்கூட எலும்புக்கு முன்னால் பங்காளிகள்தான்.

முதல் தடவை பத்து நிமிடம். அப்புறம் பதினைந்து, இருபது வரை போகலாம். போன் பார்க்காமல் உட்கார்ந்து நாயைப் பாருங்கள். 'கர்ர்ர்' என்று சுரண்டும் சத்தம் பரவாயில்லை, 'டக்' என்று கல்லில் பட்டது போலக் கேட்டால் கெட்டி எலும்பை எட்டிவிட்டது என்று அர்த்தம். ஈரலைக் காட்டி வாங்கிவிடுங்கள். துண்டு உடைந்தால், கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டால், அன்றோடு அந்த எலும்பு முடிந்தது.

மிஞ்சியதைத் தண்ணீரில் அலசி, திரும்ப ஐஸ்பெட்டியில் வைத்து இன்னொரு தடவை கொடுக்கலாம். மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். காய்ந்துவிட்டால் பச்சை எலும்பும் வெந்த எலும்பு மாதிரி நொறுங்க ஆரம்பிக்கும்.

தரையைச் சோப்பால் தேய்த்து, பிறகு தண்ணீர் கலந்த குளோரோக்ஸ் ஊற்றி அலசுங்கள். கையை இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாயின் முகத்தையும் ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்புறம் கொஞ்சுங்கள்.

7. எனக்கு ஆகும் செலவு

மாதம் நாலு தடவை. ஒரு மூட்டு கிட்டத்தட்ட முக்கால் கிலோ, 9 ரிங்கிட். ஆக 36 ரிங்கிட், கூட ஈரலுக்கு நாலைந்து. கொட்டகை ஐஸ்பெட்டி ஒருமுறைச் செலவு. இதோடு அந்த 780-ஐ நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. கட்டுப்படியாகாது என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், நாய் கோபித்துக்கொள்ளாது.

8. கோளாறு வந்தால்: கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பிளாஸ்டிக் பைலில் இவற்றை வையுங்கள்: தடுப்பூசி கார்டு, நகராண்மைக் கழகத்தின் நாய் லைசென்ஸ் நகல் (ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், எங்களுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம்), கடைசியாக எடை பார்த்த தேதியும் எடையும், முன்பு கொடுத்த மருந்துச் சீட்டு. மயக்க ஊசிக்கு எடைதான் கணக்கு. ராத்திரி நேரத்தில் ஓடும்போது "எத்தனை கிலோ?" என்றால் முழிக்கக் கூடாது.

கொடுக்கும் முன் எலும்பை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தால் டாக்டருக்கு என்ன விழுங்கியது என்று தெரியும். மிச்ச எலும்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரண்டு கிளினிக்குகளின் போன் நம்பரை முன்னாடியே குறித்து வையுங்கள், அதில் ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பதாக இருக்க வேண்டும். டைகரை முதல் முறை காட்டிய இடத்தில் வாயைத் திறந்து பார்க்காமலேயே வீக்கத்துக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அதனால் கண்ணுக்குக் கீழே வீக்கம் என்றால் நீங்களே, "பல்லையும் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள்.

இவை தெரிந்தால் அன்றே ஓடுங்கள்: திரும்பத் திரும்ப வாந்தி, முக்கியும் மலம் வராமல் இருப்பது, மலத்தில் ரத்தம், வயிற்றைத் தொட்டால் கத்துவது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவது, எச்சில் நிற்காமல் ஒழுகுவது, ஒரு பக்கமாக மட்டும் மெல்லுவது. மூச்சு முட்டினால் ஓட்டம்தான், யோசிக்க நேரம் இல்லை. வாயில் தெரியும் துண்டு கைக்கு எட்டினால் மட்டும் எடுங்கள். எட்டாததை விரலால் தள்ளி இன்னும் உள்ளே அனுப்பிவிடாதீர்கள். தாடையில் வளையம் மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள், எண்ணெய் தடவி உருட்டாதீர்கள், துணியைப் போட்டு நாயை அமைதியாகப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்டுவது ஊரில் பலருக்குத் தெரிந்த வைத்தியம். எலும்புக்கு அது கூடவே கூடாது. கீழே இறங்கும்போது குத்தாதது மேலே ஏறும்போது குத்தும்.

9. மிச்சத்தை வீசுவது

எங்கள் வரிசைக்குக் குப்பை லோரி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். முதல் மாதம் எலும்பை அன்றே தொட்டியில் போட்டேன். ராத்திரியில் தெருநாய்கள் தொட்டியைக் கவிழ்த்து, நான் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிய அதே எலும்பை இழுத்துக்கொண்டு போய்விட்டன. மறுநாள் உடும்பு ஒன்று வாய்க்காலிலிருந்து ஏறி வந்து மிச்சத்தைத் தேடியது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது எலும்பை இரண்டு பையில் கட்டிக் கொட்டகை ஐஸ்பெட்டியிலேயே உறைய வைத்து, லோரி வரும் காலையில்தான் வெளியே எடுத்துப் போடுகிறேன்.